பிளாட்டரில் பக்கத்துக் கப்பல் தெரியவில்லையா? அறிகுறியை வைத்து ஏஐஎஸ் பழுது பார்க்கும் முறை

இரவில் இழுவலை போட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது படகு. கிழக்கே இரண்டு கப்பலின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன. பிளாட்டரில், அதாவது கடல் வரைபடத்தில் நம் இடத்தைக் காட்டும் திரையில், மற்ற கப்பலைக் குறிக்கும் முக்கோணம் ஒன்றுகூட இல்லை. இப்படி ஆனால் பலரும் முதலில் பிளாட்டரைத்தான் சந்தேகப்பட்டு, கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். பிளாட்டர் கெட்டுப்போய் இந்தக் குறை வருவது மிகக் குறைவு. கேபிள் முனையில் ஏறிய உப்பு, மெனுவில் மாறிப்போன ஒரு செட்டிங், இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் படகிலேயே சரிசெய்துவிடலாம்.

கப்பல் தன் இடம், வேகம், போகும் திசை மூன்றையும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு விஎச்எஃப் அலைவரிசைகளில் தானாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதுதான் ஏஐஎஸ். அந்தச் செய்தி நம் திரையில் முக்கோணமாக வருவதற்குள் ஆன்டெனா, அதிலிருந்து இறங்கும் கேபிள், ஏஐஎஸ் பெட்டி, பெட்டியிலிருந்து பிளாட்டருக்கு வரும் டேட்டா வயர், கடைசியில் பிளாட்டர் மெனு என ஐந்து கை மாறுகிறது. எந்தக் கையில் நின்றுபோனது என்று கண்டுபிடித்த பிறகு ஸ்குரூ டிரைவரை எடுங்கள். ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தி திரும்பி வருகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் இரவல் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். ஆன்வா, மேட்சுடெக் போன்ற பெட்டிகளில் பிளாட்டரும் ஏஐஎஸ்ஸும் ஒன்றாகவே வருவதும் உண்டு. அப்படிப்பட்ட பெட்டி வைத்திருப்பவர்கள் டேட்டா வயர் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் இந்த வேலைக்குத் தோதான காலம். ஆனால் புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குள்ளோ, கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக் கரையிலோ, நூறு படகுகளுக்கு நடுவே கட்டிக்கிடக்கும்போது திரையில் எத்தனை முக்கோணம் வருகிறது என்று எண்ணி முடிவுக்கு வராதீர்கள். சுற்றியுள்ள கட்டடம், தென்னை, பக்கத்துப் படகின் இரும்புக் கம்பம் எல்லாம் அலையை மறைக்கும். வயர் வேலையைக் கரையில் முடியுங்கள். சோதனையை முகத்துவாரம் தாண்டிப் போய்ச் செய்யுங்கள்.

திரையில் ஒரு முக்கோணமும் இல்லை

முதலில் மெனு. ஏஐஎஸ் காட்டுவதை யாராவது அணைத்திருக்கலாம். கார்மின் பிளாட்டரில் இது 'அதர் வெசல்ஸ்' என்ற தலைப்புக்குள் இருக்கும். மற்றவற்றில் 'டார்கெட்ஸ்' அல்லது 'ஏஐஎஸ்' என்று இருக்கும். அங்கேயே தூர வரம்பு ஒன்றும் இருக்கும். அதை 2 மைல் என்று வைத்துவிட்டு, 5 மைலில் போகும் கப்பல் தெரியவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. நிற்கும் கப்பல்களை மறை, மெதுவாகப் போவதை மறை என்ற வடிகட்டிகளும் அதே பக்கத்தில்தான். பழுது பார்த்து முடியும்வரை எல்லா வடிகட்டிகளையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, பிளாட்டருக்குத் தன் இடம் தெரிகிறதா என்று பாருங்கள். சொந்த ஜிபிஎஸ் பிடிக்காவிட்டால் பல பிளாட்டர்கள் மற்ற கப்பலையும் காட்டாது. காட்டினாலும் தூரமும் திசையும் இருக்க வேண்டிய இடத்தில் கோடுதான் வரும். தேங்காய்த்திட்டில் நின்றால் அட்சரேகை 11 டிகிரி 54 நிமிடத்தை ஒட்டியும், கடலூரில் நின்றால் 11 டிகிரி 43 நிமிடத்தை ஒட்டியும் இருக்க வேண்டும்.

இரண்டும் சரி என்றால் ஏஐஎஸ் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் ஃபியூஸ். எரிகிறது, ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் செய்யும்போது அணைந்து மறுபடி எரிகிறது என்றால், ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து பெட்டி முதலிலிருந்து தொடங்குகிறது என்று அர்த்தம். ஏஐஎஸ்ஸுக்குத் தனி பேட்டரியிலிருந்து வயர் எடுத்தால் அது நிற்கும்.

பெட்டி உயிரோடு இருந்தும் திரை காலி என்றால், அடுத்தது டேட்டா வயர். கடல் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கு என்எம்இஏ என்று பெயர். அதில் இரண்டு வகை உண்டு.

பழைய வகை, என்எம்இஏ 0183. இரண்டு மெல்லிய வயர்கள்தான். சாதாரண ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ எல்லாம் இதில் 4800 வேகத்தில் பேசும். ஏஐஎஸ் 38400 வேகத்தில் பேசும். பிளாட்டரின் அந்த போர்ட் 4800இல் நின்றால் ஒரு முக்கோணமும் வராது, பிழைச் செய்தியும் வராது. கார்மினில் 'என்எம்இஏ ஸ்டாண்டர்டு' என்று இருப்பதை 'என்எம்இஏ ஹை ஸ்பீடு' என்று மாற்ற வேண்டும். வேகம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் வயர் தலைகீழாக இருக்கலாம். ஏஐஎஸ் பெட்டியின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை), பிளாட்டரின் ஆர்எக்ஸ்ஸுக்கு (வாங்கும் முனை) போக வேண்டும். பிளஸ் பிளஸ்ஸோடு, மைனஸ் மைனஸ்ஸோடு. டிஎக்ஸ்ஸை டிஎக்ஸ்ஸோடு கோத்துவிட்டால் இருவரும் பேசுவார்கள், கேட்க ஆள் இருக்காது. நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் நீலம் இன்னொரு கம்பெனியில் பழுப்பு. இரண்டு கையேடுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இணையுங்கள்.

புதிய வகை, என்எம்இஏ 2000. உருண்டைப் பிளக், டி வடிவ இணைப்பு. இதில் முதுகெலும்பு போன்ற நடு கேபிளின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) ஒவ்வொன்று இருக்க வேண்டும். நடு கேபிளுக்கு 12 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரே அளவு போதும். 12 வோல்ட்டை அணைத்துவிட்டு, காலியான ஒரு பிளக்கில் வெள்ளை, நீல வயர்களுக்கான பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். 60 வந்தால் சரி. 120 வந்தால் ஒரு டெர்மினேட்டர் கழன்றிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதைச் செருகியிருக்கிறார்கள். நடு கேபிளிலிருந்து கிளையாகப் போகும் வயர் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இதுவரை எதிலும் அகப்படவில்லை என்றால் மிச்சம் ஆன்டெனாவும் கேபிளும். அவை அடுத்த அறிகுறிக்கும் காரணம் என்பதால் அங்கேயே பார்ப்போம்.

பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது. 3 மைலைத் தாண்டினால் இல்லை

முதலில் எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம் என்று கணக்குப் போடுங்கள். விஎச்எஃப் அலை கடலின் வளைவைத் தாண்டி அதிகம் போகாது. நம் ஆன்டெனாவின் உயரம் மீட்டரில் எத்தனை, அதன் வர்க்கமூலம். எதிர்க் கப்பலுடையதற்கும் வர்க்கமூலம். இரண்டையும் கூட்டி 2.2ஆல் பெருக்கினால் நாட்டிக்கல் மைலில் விடை வரும். விசைப்படகின் ஆன்டெனா 6 மீட்டர், கப்பலுடையது 36 மீட்டர் என்றால் ஏறக்குறைய பதினெட்டரை மைல். இரண்டு ஃபைபர் படகுகள், ஆன்டெனா இரண்டேகால் மீட்டர் உயரத்தில் இருந்தால் ஆறரை மைல்தான். ஆகவே சின்னப் படகு 8 மைலில் தெரியவில்லை என்றால் அது பழுது இல்லை. பெரிய கப்பல் 8 மைலில் தெரியவில்லை என்றால் பழுது.

சக்தியிலும் வித்தியாசம் உண்டு. பெரிய கப்பல்களின் கிளாஸ் ஏ பெட்டி 12.5 வாட்டில் அனுப்பும். படகுகளில் இருக்கும் கிளாஸ் பி பெட்டி 2 வாட் அல்லது 5 வாட். கப்பல் தூரத்தில் நன்றாகத் தெரிந்து, கிளாஸ் பி படகு மட்டும் சீக்கிரம் மறைந்தால் அலட்டிக்கொள்ள வேண்டாம்.

சரி, கணக்குப்படி வர வேண்டிய கப்பல் வரவில்லை. இனி கேபிள்.

ஏஐஎஸ் பெட்டியின் பின்னால் இருக்கும் கனெக்டரைக் கழற்றுங்கள். அது பெரும்பாலும் பிஎல்-259 அல்லது பிஎன்சி ஆக இருக்கும். நடு முள்ளைப் பாருங்கள். பித்தளை மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மின்ன வேண்டும். பாசி படிந்ததுபோல் பச்சை இருந்தால் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. மேல்முனையில், ஆன்டெனா அடியில் இருக்கும் கனெக்டர் இதைவிட மோசமாக இருக்கும். கம்பத்தில் ஏறி அதையும் கழற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு முனையும் கழன்ற பிறகு மல்டிமீட்டரை வையுங்கள். நடுமுள்ளுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே எந்த இணைப்பும் காட்டக் கூடாது. சில நூறு கிலோ ஓம் காட்டினால் கேபிளுக்குள் ஈரம். பீப் என்று கத்தினால் ஷார்ட். பிறகு ஒரு முனையில் நடுமுள்ளையும் கூட்டையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் பாருங்கள். இப்போது பீப் கத்த வேண்டும். கத்தாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ஆன்டெனாவைக் கழற்றாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பல கடல் ஆன்டெனாக்கள் உள்ளேயே டிசி ஷார்ட்டாக, அதாவது நல்ல நிலையிலும் மீட்டருக்கு ஷார்ட்போலத் தெரியும்படிதான் செய்யப்பட்டிருக்கும். மீட்டர் கத்துவதைக் கேட்டு நல்ல ஆன்டெனாவைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

கேபிளின் மேல் உறையை முனையில் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே பின்னிய செம்பு வலை செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ இருக்க வேண்டும். கறுத்திருந்தால், சுத்தமான செம்பு வரும்வரை அரை அடி அரை அடியாக வெட்டிக்கொண்டே போங்கள். இரண்டு மீட்டர் வெட்டியும் கறுப்பு போகவில்லை என்றால் கேபிளையே மாற்றுங்கள். விளக்குத் திரிபோல அந்த வலை தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். புதுக் கனெக்டர் போட்டாலும் நாலே மாதத்தில் பழைய கதை. மாற்றும்போது மெல்லிய ஆர்ஜி-58க்குப் பதிலாகத் தடித்த ஆர்ஜி-213 வாங்குங்கள். மெல்லிய கேபிள் ஒவ்வொரு மீட்டரிலும் தடித்ததைப்போல் இரண்டு மடங்கு டெசிபல் தின்னும். ஏஐஎஸ்ஸில் நாம் கேட்கப்போவது தூரத்துக் கப்பலின் மெல்லிய குரல். அதைக் கேபிளிலேயே தொலைக்கக் கூடாது.

பிஎல்-259 போடும் வேலையில் அவசரம் ஆகாது. ஆர்ஜி-213க்கு அளவு இது. முதலில் கனெக்டரின் திருகு வளையத்தையும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் கேபிளில் கோத்துவிடுங்கள். சோல்டர் செய்த பிறகு நினைவு வந்து பயனில்லை. மேல் உறையை 28 மில்லிமீட்டர் சீவுங்கள். நடு வயரை 16 மில்லிமீட்டர் வெறுமையாக்குங்கள். செம்பு வலையை, அதன் முனைக்கும் வெறும் வயருக்கும் நடுவே வெள்ளை உறை ஒன்றரை மில்லிமீட்டர் தெரியும்படி நறுக்குங்கள். வலைக்கும் நடு வயருக்கும் லேசாக ஈயம் பூசிக்கொண்டு, கனெக்டரைத் திருகி உள்ளே ஏற்றுங்கள். பக்கத்தில் உள்ள நான்கு ஓட்டைகளில் வலையோடு சேர்த்தும், நுனியில் நடு வயரோடு சேர்த்தும் சோல்டர் செய்யுங்கள். சின்ன சோல்டரிங் அயர்ன் இதற்குப் போதாது. சூடு பற்றாமல் ஈயம் உருண்டையாக மேலேயே நிற்கும். பார்க்க ஒட்டியதுபோல் இருந்து, படகு ஆடும்போது விட்டுவிட்டுப் பிடிக்கும். ஆறிய பிறகு மறுபடி மல்டிமீட்டர் சோதனை. மெல்லிய ஆர்ஜி-58தான் என்றால் கனெக்டரின் வாயை மெல்லிய கேபிளுக்கு ஏற்றபடி சிறிதாக்கும் ரெட்யூசரும் வாங்க வேண்டும்.

மாட்டிய பிறகு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓட்டுக்கூரைபோல மழைநீர் வழிந்து இறங்கும். அதற்கு மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் வெயிலுக்காக. இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி விடுவது வீண்வேலை. ஒரு சித்திரை வெயிலுக்கே பிசின் உருகி வாய் பிளந்துவிடும். கனெக்டருக்குக் கீழே கேபிளில் ஒரு சின்ன வளையம் தொங்கவிடுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிப்போகும், உள்ளே ஏறாது.

கேபிள் சுத்தம், இன்னும் தூரம் வரவில்லை என்றால் ஆன்டெனா நிற்கும் இடத்தைப் பாருங்கள். வயர்லெஸ் ஆன்டெனாவும் ஏஐஎஸ் ஆன்டெனாவும் அடுத்தடுத்து ஒரே மட்டத்தில் இருந்தால், வயர்லெஸ்ஸில் 25 வாட்டில் பேசும்போதெல்லாம் ஏஐஎஸ் செவிடாகிவிடும். குறைந்தது 2 மீட்டர் தள்ளி வையுங்கள். ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்தால் இன்னும் நல்லது. இரும்புக் கம்பத்தோடு ஒட்டிக் கட்டுவதும் அந்தத் திசையைக் குருடாக்கும்.

ஒரே ஆன்டெனாவில் வயர்லெஸ், ஏஐஎஸ் இரண்டையும் ஓட்ட ஆசைப்பட்டால் அதற்கென்றே செய்த ஏஐஎஸ் ஸ்பிளிட்டர் வேண்டும். கேபிள் டிவிக்குப் போடும் ஸ்பிளிட்டரை மாட்டி, வயர்லெஸ்ஸின் பட்டனை அழுத்தினால் அந்த 25 வாட் நேராக ஏஐஎஸ் பெட்டிக்குள் பாய்ந்து அதன் காதை எரித்துவிடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் முழுப் பெட்டியும் போகும்.

பகலில் சரி; ராத்திரி விளக்கு போட்டதும் காணோம்

இது ஆன்டெனா பழுது மாதிரியே இருக்கும். ஆனால் காரணம் எல்இடி விளக்கு. விலை மலிந்த எல்இடி ஃபிளட் லைட்டுகளுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டும், 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வர்ட்டரும் விஎச்எஃப் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். காதுக்குக் கேட்காது, ஏஐஎஸ்ஸுக்குக் கேட்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன சோதனை நம் படகுக்கும் அப்படியே பொருந்தும். கருவி எதுவும் வேண்டாம், வயர்லெஸ் போதும்.

எல்லா எல்இடிகளையும் அணையுங்கள். வயர்லெஸ்ஸை யாரும் பேசாத ஒரு சேனலில் வையுங்கள். இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் குமிழைத் திருப்பி 'உஸ்ஸ்' சத்தம் வரவைத்து, அந்தச் சத்தம் நிற்கும் இடத்துக்கு மட்டும் திருப்பி நிறுத்துங்கள், ஒரு இம்மி அதிகம் வேண்டாம். இப்போது விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த விளக்குக்கு 'உஸ்ஸ்' திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் விளக்கை முதலில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கடைசியில் இன்வெர்ட்டர், கன்வர்ட்டர், மொபைல் சார்ஜர் ஆகியவற்றையும் இதேபோல் போட்டுப் பாருங்கள். சிகரெட் லைட்டர் பிளக்கில் செருகும் சின்ன சார்ஜர் செய்யும் சேட்டையை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

அகப்பட்ட விளக்கை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. அதுவரை, அந்த விளக்கின் வயரை ஆன்டெனா கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். விளக்குக்கு அருகிலேயே வயரை ஃபெரைட் வளையத்துக்குள் மூன்று நான்கு சுற்று சுற்றினால் இரைச்சல் குறையும், முழுதாகப் போகாது.

கப்பல் தெரிகிறது, பெயர் இல்லை, ஒன்பது இலக்க எண்தான் இருக்கிறது

பழுது ஏதும் இல்லை. கப்பலின் இடம் சில வினாடிக்கு ஒருமுறை வரும். பெயர், நீளம், வகை எல்லாம் 6 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். பிளாட்டரைப் போட்டு 10, 12 நிமிடம் பொறுங்கள். அரை மணி ஆகியும் எல்லாக் கப்பலுக்கும் பெயரில்லை என்றால் வரவு பலவீனம். பெயருக்கான செய்தி நீளமானது, பாதியில் சிதைந்தால் பெட்டி அதைக் கழித்துவிடும். மேலே சொன்ன கேபிள் வேலைக்குத் திரும்புங்கள்.

பெயர் வராவிட்டாலும் அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கமே நிறைய சொல்லும். 419 இந்தியா, 417 இலங்கை, 563 முதல் 566 வரை சிங்கப்பூர், 636 லைபீரியா, 538 மார்ஷல் தீவுகள். 99 என்று தொடங்கினால் அது கப்பலே இல்லை. மிதவை அல்லது கலங்கரை விளக்கம் போன்ற வழிகாட்டி. பெயரின் வாலில் 85% என்பதுபோல் ஒரு அளவு ஒட்டியிருந்தால் அது வலையில் கட்டிய ஏஐஎஸ் மிதவை, அந்த அளவு அதன் பேட்டரி. சுற்றிப் போங்கள், கீழே வலை இருக்கும்.

முக்கோணம் இடம் தவறி நிற்கிறது, அல்லது குதித்துக் குதித்துப் போகிறது

14 நாட் (மணிக்கு 14 நாட்டிக்கல் மைல்) வேகத்துக்குள் போகும் பெரிய கப்பல் 10 வினாடிக்கு ஒருமுறையும், 14 முதல் 23 நாட் வரை 6 வினாடிக்கு ஒருமுறையும் தன் இடத்தைச் சொல்லும். நங்கூரமிட்டிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. சாதாரண 2 வாட் கிளாஸ் பி படகு ஓடும்போது 30 வினாடிக்கு ஒருமுறை. 8 நாட்டில் ஓடும் படகு அந்த 30 வினாடிக்குள் 120 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே திரையில் நிற்பது கொஞ்சம் பழைய இடம், குதிப்பது இயல்பு.

இதைவிட முக்கியம் இன்னொன்று. முக்கோணம் நிற்பது அந்தக் கப்பலின் ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கும் இடத்தில். 300 மீட்டர் சரக்குக் கப்பலில் அது பெரும்பாலும் பின்பக்கம், பிரிட்ஜுக்கு மேல் இருக்கும். திரையில் அரை மைல் என்று காட்டும்போது, அந்தக் கப்பலின் மூக்கு அதைவிட 250 மீட்டர் நம் பக்கம் வந்திருக்கலாம். சில பிளாட்டர்கள் நன்றாகப் பெரிதாக்கினால் கப்பலின் முழு வடிவத்தையும் வரையும். அந்த வசதி இருந்தால் போட்டுவையுங்கள்.

முக்கோணம் குறுக்காகத் திரும்பி நின்றால் இரண்டு காரணம் இருக்கும். பல படகுகளின் ஏஐஎஸ்ஸோடு திசைகாட்டி இணைக்கப்பட்டிருக்காது. அப்போது நகரும் திசையைத்தான் முனை காட்டும், வலை போட்டு ஒரு நாட்டில் ஊர்ந்தால் அது நாலா பக்கமும் சுழலும். மற்றது நம் திசைகாட்டியின் தவறு. எல்லாக் கப்பலும் ஒரே கோணத்தில் விலகி நின்றால் நம்முடையதைச் சரிபாருங்கள். இந்தக் கடற்கரையில் காந்த விலகல் மிகச் சிறியது, 2 டிகிரிக்கும் உள்ளேதான். எனவே 20, 30 டிகிரி பிசகுக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. திசைகாட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரோ இரும்புச் சாமானோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

நம் படகுக்கு மேலேயே இன்னொரு கப்பல்; மோதல் அலாரம் ஓயவில்லை

அந்த 'இன்னொரு கப்பல்' நீங்கள்தான். முக்கோணத்தைத் தொட்டுப் பாருங்கள், உங்கள் எம்எம்எஸ்ஐ எண்ணே (படகை அடையாளம் காட்டும் அந்த ஒன்பது இலக்க எண்) இருக்கும். பிளாட்டரின் மெனுவில் சொந்த எம்எம்எஸ்ஐயைப் பதிந்தால் அது தன்னை ஒதுக்கிக்கொள்ளும். ஏஐஎஸ் கேட்கும் வயர்லெஸ்ஸும், தனி ஏஐஎஸ் பெட்டியும் ஒரே பிளாட்டரில் கோக்கப்பட்டிருந்தால் இது நிச்சயம் வரும். வயர்லெஸ்ஸின் ஏஐஎஸ் வரவை அணையுங்கள், ஒன்று போதும்.

அலாரம் தொல்லை என்று அதை முழுதாக அணைத்துவிட்டுக் கடலுக்குப் போவது பெரிய ஆபத்து. முகத்துவாரத்துக்குள் இருக்கும்போது, கப்பல் எவ்வளவு நெருங்கினால் அலாரம் அடிக்க வேண்டும் என்ற தூரத்தை 0.1 மைல் என்று குறையுங்கள். வெளியே போனதும் 1 மைலுக்கு ஏற்றுங்கள். நேர வரம்பை உங்கள் வலையை இழுத்து ஏற்ற எத்தனை நிமிடம் ஆகுமோ அதைவிடக் கூடுதலாக வையுங்கள். 15 நாட்டில் வரும் கப்பல் 20 நிமிடத்தில் 5 மைல் தாண்டிவிடும். வலை கடலில் கிடக்கும்போது நம்மால் சட்டென்று விலக முடியாது என்பது அந்தக் கப்பலுக்குத் தெரியாமலும் போகலாம்.

நாம் கப்பலைப் பார்க்கிறோம். நம்மை யாரும் பார்க்கவில்லை

பக்கத்துப் படகின் பிளாட்டரைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மொபைலில் கப்பல் காட்டும் தளங்களை நம்ப வேண்டாம். பக்கத்தில் கரை நிலையம் இல்லாவிட்டால் அதில் நம் படகு வராது.

பெட்டி கேட்கும், பேசாது என்றால் வரிசையாக நான்கு காரணங்கள். சைலன்ட் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது. பல பெட்டிகளில் நீல விளக்கு எரிந்தால் இதுதான். எம்எம்எஸ்ஐ பதியப்படவில்லை; எண் இல்லாத பெட்டி வாய் திறக்காது. பெட்டியின் சொந்த ஜிபிஎஸ் ஆன்டெனா தகரக் கூரைக்கு அடியில் இருக்கிறது; பிளாட்டரின் ஜிபிஎஸ் வேலை செய்வது இதற்கு உதவாது, இடம் தெரியாமல் ஏஐஎஸ் ஒலிபரப்பாது. கடைசியாக, ஆன்டெனாவில் பிரச்சினை இருந்து சக்தி திரும்பி வருகிறது. சிவப்பு விளக்கு எரியும். எஸ்டபிள்யூஆர் மீட்டரில் 2க்குக் கீழே இருக்க வேண்டும், 3ஐத் தாண்டினால் கேபிள், கனெக்டர் வேலைக்குத் திரும்புங்கள்.

எம்எம்எஸ்ஐயை ஒருமுறைதான் பதிய முடியும் என்பது பெரும்பாலான கிளாஸ் பி பெட்டிகளின் விதி. தவறாக அடித்தால் விற்றவரிடமோ கம்பெனியிடமோ கொடுத்துத்தான் அழிக்க முடியும். படகை வாங்கும்போது பெட்டியில் பழைய உரிமையாளரின் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆபத்து நேரத்தில் வேறொருவர் வீட்டுக்குப் போன் போகும்.

பக்கத்துப் படகில் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது, அதுவும் தெரியவில்லை

தெரியாது. மீனவர் படகுகளுக்காக 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் இஸ்ரோ வடிவமைத்தது. அது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசும். ஏஐஎஸ் அலைவரிசையில் அது எதுவும் சொல்லாது; நம் பிளாட்டருக்கும் எட்டாது, வரும் சரக்குக் கப்பலுக்கும் எட்டாது. கரைக்குச் செய்தி சொல்ல அது அருமையான கருவி. ஆனால் அது இருக்கிறது என்பதால் கப்பல் நம்மைப் பார்த்து விலகும் என்று எண்ணிவிடக் கூடாது. 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு ஏஐஎஸ் கட்டாயம். அதற்குக் குறைந்த விசைப்படகிலும், தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கரையிலிருந்து இறங்கும் ஃபைபர் படகிலும் அது பெரும்பாலும் இருக்காது. ஆகவே திரை காலியாக இருந்தாலும் வீல் ஹவுஸில் ஒரு ஆள் கண்விழித்திருக்க வேண்டும்.

திடீரென்று 100 மைல் தூரத்துக் கப்பல்கள் திரை நிறைய வருகின்றன

காற்று அடங்கிய வெக்கையான நாட்களில் கடலுக்கு மேல் இருக்கும் காற்றடுக்கு விஎச்எஃப் அலையைக் குழாய்போலப் பிடித்து வெகுதூரம் கடத்தும். பெட்டி கெடவில்லை. நாளை தானாகப் போய்விடும். தூர வரம்பை 24 மைல் என்று வைத்தால் திரை தெளியும். மறுநாள் அதை எடுக்க மறக்காதீர்கள்.

வட்டத்துக்குள் பெருக்கல் குறி. எண் 970, 972 அல்லது 974இல் தொடங்குகிறது

இதைப் பழுது என்று நினைத்து அலாரத்தை அணைக்காதீர்கள். 970 உயிர்காப்புப் படகிலோ மிதவையிலோ இருக்கும் தேடல் கருவி. 972 கடலில் விழுந்த ஆளின் உடையில் இருப்பது. 974 ஆபத்து மிதவை. தொட்டுப் பார்க்கும்போது வரும் செய்தியில் 'டெஸ்ட்' என்று இருந்தால் யாரோ சோதிக்கிறார்கள். 'ஆக்டிவ்' என்று இருந்தால் அங்கே உயிருக்குப் போராடுகிறார்கள். இந்தக் கருவிகள் தண்ணீர் மட்டத்தில் இருப்பதால் சில மைலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். உங்கள் திரையில் தெரிகிறது என்றால் மிக அருகில் இருப்பது நீங்களாக இருக்கலாம். குறியை அழுத்தி வே பாயின்ட்டாகச் சேமியுங்கள், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் காகிதத்தில் எழுதுங்கள், வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனலில் சொல்லுங்கள். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554க்கு அழையுங்கள். பிறகு படகைத் திருப்புங்கள்.